பேரப்பிள்ளைக்கு எது மிஞ்சும்? குடியேறிய குடும்பங்களின் தலைமுறைகள் பற்றிய விவாதங்கள்

கடல் கடந்து போன குடும்பத்தில், தாத்தா கொண்டுபோனவற்றுள் பேரப்பிள்ளைகளுக்கு எது போய்ச் சேர்கிறது, எது வழியில் உதிர்கிறது? அதைத் தீர்மானிப்பது வீட்டு வளர்ப்பா, வம்சமா, போய்ச் சேர்ந்த நாடா? சமூகவியலாளரும் வரலாற்றாசிரியரும் மொழியியலாளரும் நூறாண்டுக்கு மேலாக இதற்கு விடை சொல்லி வருகிறார்கள். அண்மைக் காலத்தில் பொருளியலாளரும் சேர்ந்துகொண்டனர். பெயர்பெற்ற விடைகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில், அட்லாண்டிக்கைக் கடந்து வந்த ஐரோப்பியரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மொரீசியசு, இலங்கை, மலாயா, நேட்டால் எனத் தோட்டங்களுக்குப் போன தமிழ்க் குடும்பங்களின் வரலாறு அந்த விவாதங்களில் அரிதாகவே எட்டிப்பார்க்கிறது. முதன்மையான நிலைப்பாடுகளைச் சொல்லி, இந்த வரலாற்றோடு அவற்றை உரசிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

நேர்கோட்டுக் கணக்கு

முதல் விடை எளிமையானது: காலம் போகப் போகக் கரைந்துவிடுவார்கள். 1908இல் இஸ்ரேல் சாங்வில் எழுதிய 'தி மெல்டிங் பாட்' நாடகம் இந்த நம்பிக்கைக்கு ஒரு பெயர் கொடுத்தது. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பார்க்கும் அவருடைய மாணவர்களும் இதற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தார்கள். தாமசும் ஸ்னானியெக்கியும் 1918 முதல் 1920 வரை வெளியிட்ட ஐந்து தொகுதி ஆய்வு, போலந்து உழவர் குடும்பங்களின் கடிதங்களை வைத்துக்கொண்டு, பழைய ஊர்க்கட்டுப்பாடு தளர்ந்தபின் குடும்பம் எப்படிக் குலைகிறது, எதைப் பற்றிக்கொண்டு மறுபடி எழுகிறது என்று காட்டியது. 1945இல் வார்னரும் ஸ்ரோலும் நியூபரிபோர்ட் என்ற சிறு துறைமுக நகரை ஆராய்ந்துவிட்டு, எந்தக் கூட்டத்தார் எத்தனை தலைமுறையில் கரைவார்கள் என்று கால அட்டவணையே போட்டார்கள். இன்று படித்தால் அந்தத் துணிச்சல் கொஞ்சம் சிரிப்பை வரவழைக்கிறது.

இக்கணக்கைச் செப்பனிட்டவர் மில்டன் கார்டன். பேச்சும் உடையும் மாறுவது ஒன்று, நட்பிலும் சங்கங்களிலும் கலியாணத்திலும் சேர்த்துக்கொள்ளப்படுவது வேறொன்று என்று 1964இல் அவர் பிரித்துக் காட்டினார். முதலாவது எளிதில் நடந்துவிடும். இரண்டாவது நடந்தால்தான் மற்றவை தொடரும் என்றார். ஆனால் எந்தச் சமூகத்தில் கரைவது, அதன் எந்தத் தட்டில் போய்ச் சேர்வது என்ற கேள்வி அவரிடமும் பெரிதாக எழவில்லை. இன்னொரு குறையும் உண்டு. 1924இல் அமெரிக்கச் சட்டம் தெற்கு, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வருவோரின் வாசலைக் கிட்டத்தட்டச் சாத்திவிட்டது. புதிதாக வருவோர் இல்லாமற்போன காலத்தில்தான் இவர்கள் ஆராய்ந்த ஐரோப்பியரின் மூன்றாம் தலைமுறை வளர்ந்தது. தலைமுறையின் வேலை என்று எழுதப்பட்டதில் எவ்வளவு அந்தச் சட்டத்தின் வேலை என்பதைப் பிரித்துச் சொல்வது கடினம்.

திரும்பிப் பார்க்கும் பேரன்

1937இல் இலினாய் மாநிலத்தின் ராக் ஐலண்டில், சுவீடன் வழிவந்தவர்களின் வரலாற்றுக் கழகம் ஒன்றில், மார்க்கஸ் லீ ஹான்சன் பேசினார். தந்தை டென்மார்க்குக்காரர், தாய் நார்வேக்காரர். இரண்டாம் தலைமுறை தன் பூர்வீகத்தைக் கண்டு கூசுகிறது, மூன்றாம் தலைமுறை அதே பூர்வீகத்தை ஆசையோடு தேடிப் போகிறது என்பது அவருடைய வாதத்தின் சாரம். மகனுக்கு அப்பாவின் பேச்சுவாடை வகுப்பறையில் அவமானம். பேரனுக்கு அந்த அவமானம் இல்லை, வசதியும் உண்டு. அடுத்த ஆண்டே ஹான்சன் இறந்துவிட்டார். பேச்சு பதினைந்து ஆண்டு கழித்து மறுபதிப்பாகிப் புகழ்பெற்றது. மொழியும் உடையும் திரும்பி வராது, மதம் மட்டும் திரும்பி வரும் என்று 1955இல் வில் ஹெர்பெர்க் இவ்வாதத்தை வளர்த்தார்.

கணக்கெடுப்புகள் ஹான்சனுக்கு முழுமையாகக் கைகொடுக்கவில்லை. சில கூட்டத்தாரிடம் இந்த மீட்சி தெரிந்தது, பலரிடம் தெரியவில்லை. 1979இல் ஹெர்பர்ட் கான்ஸ் சொன்ன விளக்கம் கடுமையானது. பேரப்பிள்ளைகள் திரும்பி வருவது அடையாளங்களுக்கு மட்டுமே. பண்டிகைச் சாப்பாடு, ஒரு ஊர்வலம், ஒரு சுற்றுலா. விலை கேட்காத மரபு அது. வேண்டும்போது எடுத்து அணியலாம், மற்ற நாட்களில் பெட்டியில் வைக்கலாம். மேரி வாட்டர்ஸ் 1990இல் இதை நேர்காணல்களால் உறுதிசெய்து, கூடவே ஒரு எச்சரிக்கையும் சேர்த்தார். இந்த விருப்பத்தேர்வு வெள்ளையருக்குத்தான் வாய்க்கிறது. தோல் நிறத்தால் அடையாளம் காணப்படுகிறவருக்கு மரபைக் கழற்றி வைக்கும் உரிமை இல்லை.

கான்சின் வாதம் தமிழர் நடுவில் எங்கே பொருந்தும் என்று பார்த்தால் மொரீசியசு நினைவுக்கு வருகிறது. அங்கே தமிழ் வழிவந்த குடும்பங்களில் வீட்டுமொழி பெரும்பாலும் கிரியோல். தைப்பூசம் பொது விடுமுறை. காவடி எடுப்பவர்களில் பலருக்குத் தமிழ் பேச வராது. அடையாள மரபு என்று முத்திரை குத்திவிடலாம் போலத்தான் தோன்றும். ஆனால் 1998இல் புதிதாக அச்சிட்ட ரூபாய்த் தாள்களில், அதுவரை ஆங்கிலத்துக்கு அடுத்து இருந்த தமிழ் எழுத்தை இந்திக்குக் கீழே தள்ளியபோது எழுந்த எதிர்ப்பில் அந்தத் தாள்களே திரும்பப் பெறப்பட்டன. வீட்டில் பேசாத மொழியின் எழுத்துக்காகத் தெருவில் இறங்குவதை விலையில்லாத மரபு என்று சொல்ல முடியாது. அரசியல் பங்கீடு சமூகவாரியாக நடக்கும் நாட்டில் அடையாளத்துக்கும் பொருளாதாரக் கனம் உண்டு. கான்ஸ் பார்த்தது அமெரிக்கப் புறநகரை. அங்கே இந்தக் கனம் இருக்கவில்லை.

வளர்ப்பின் பங்கு

1965க்குப் பின் ஆசியாவிலிருந்தும் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் அமெரிக்காவுக்கு வந்தவர்களின் பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் கேள்வி வேறு வடிவம் எடுத்தது. கரைவார்களா என்பதைவிட, கரைவது நல்லதா என்ற ஐயம் முன்னே வந்தது. 1993இல் அலெஹாந்த்ரோ போர்ட்டெசும் மின் சோவும் பாதை ஒன்றல்ல என்றார்கள்: சிலர் நடுத்தர வர்க்கத்தில் சேர்கிறார்கள், சிலர் நகரத்து வறுமையில் விழுகிறார்கள், இன்னும் சிலர் சொந்தச் சமூகத்தின் கட்டுக்கோப்பைப் பிடித்துக்கொண்டே மேலே வருகிறார்கள். இதைச் சோதிக்க 1992இல் சான் டியேகோவிலும் மயாமிப் பகுதியிலும் 77 நாட்டு வழிவந்த 5,262 மாணவர்களிடம் தொடங்கிய ஆய்வு பத்தாண்டுக்கு மேல் அவர்களைப் பின்தொடர்ந்தது. பெற்றோரும் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் புதிய மொழியைக் கற்று, பழைய மொழியையும் கைவிடாத வீடுகளில் பிள்ளைகள் நன்றாகத் தேறினார்கள். அப்பா அம்மாவுக்காக ஆஸ்பத்திரியிலும் அரசு அலுவலகத்திலும் பிள்ளையே பேச வேண்டியிருந்த வீடுகளில் பெற்றோரின் அதட்டலுக்குப் பலம் குறைந்தது.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. 1994இல் கலிபோர்னியாவில் ஆவணமில்லாத குடியேறிகளுக்கு எதிரான வாக்கெடுப்பு நடந்த பிறகு, மறுபடி கேட்டபோது, தம்மை அமெரிக்கர் என்று சொன்ன பல பிள்ளைகள் பெற்றோரின் நாட்டுப் பெயரைச் சொன்னார்கள். இடைப்பட்ட மூன்றாண்டில் வீட்டு வளர்ப்பு மாறியிருக்க வாய்ப்பில்லை. மரபு சில வேளைகளில் வெளியிலிருந்து அடித்து உள்ளே இறக்கப்படுகிறது.

வளர்ப்பு வாதத்தின் கடைத்தெருப் பதிப்பு ஏமி சுவாவின் 2011ஆம் ஆண்டு நூல். கண்டிப்பான சீன அம்மாவே பிள்ளைகளின் வெற்றிக்குக் காரணம் என்ற எண்ணத்தை அது பரப்பியது. ஜெனிபர் லீயும் மின் சோவும் 2015இல் கொடுத்த பதில் எனக்கு வலுவாகத் தோன்றுகிறது. அமெரிக்காவுக்கு வந்த சீனரில் பாதிக்கு மேல் பட்டதாரிகள். சீனாவில் அப்போது பட்டதாரிகள் நூற்றுக்கு நான்கு பேர் அளவே. வடிகட்டி எடுத்த கூட்டத்தின் பிள்ளைகள் நன்றாகப் படிப்பதை ஆயிரமாண்டுப் பண்பாட்டின் கணக்கில் எழுதுவது பிழை. அதே பண்பாட்டை எடுத்துக்கொண்டு, இந்த வடிகட்டல் இல்லாமல் ஸ்பெயினுக்குப் போன சீனக் குடும்பங்களில் கல்வி பற்றிய எதிர்பார்ப்பு அவ்வளவு உயரத்தில் இல்லை. இந்திய அமெரிக்கரைப் பற்றிச் சக்கரவர்த்தி, கபூர், சிங் மூவரும் 2017இல் எழுதியதும் இதையொட்டியதே: ஊரில் சாதியும் வர்க்கமும் ஒரு சல்லடை, நுழைவுத்தேர்வு இன்னொன்று, விசா மூன்றாவது. மூன்றையும் தாண்டி வந்தவர்களின் பிள்ளை போட்டியில் ஜெயித்தால் சாம்பாருக்கும் சுலோகத்துக்கும் நன்றி சொல்லும் வழக்கம் நம்மவரிடம் உண்டு.

பரம்பரை என்ற சொல்லுக்குள் ரத்தம், பழக்கம் இரண்டும் கலந்து கிடப்பது பெரிய தடை. இரண்டையும் பிரிக்க முயன்ற ஆய்வுகள் குறைவு. கொரியாவிலிருந்து அமெரிக்காவுக்குத் தத்துப் போன பிள்ளைகள் ஏறத்தாழ வரிசைப்படியே குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்டதைப் பயன்படுத்தி, புரூஸ் சாசர்டோட் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. வளர்த்தவர்களின் படிப்பும் வருமானமும் தத்துப் பிள்ளைக்குக் கடந்து போவது, பெற்ற பிள்ளைக்குப் போவதைவிட மிகக் குறைவு. குடிப்பது போன்ற பழக்கங்களோ இருவருக்கும் ஒத்த அளவில் போகின்றன. ஆனால் தத்தெடுக்க அனுமதி பெற்ற வீடுகள் எல்லாமே ஓரளவு நல்ல வீடுகள். நல்ல வளர்ப்புக்கும் மிக நல்ல வளர்ப்புக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் இது அளக்கிறது. வறுமைக்கும் வசதிக்கும் உள்ளதை அளக்கவில்லை. இதற்கு எதிர்த்திசையில் நிற்பது ராகேல் பெர்னாண்டசும் அலெசாந்திரா போக்லியும் 2009இல் செய்த ஆய்வு. அமெரிக்காவில் பிறந்த பெண்கள் வேலைக்குப் போகும் அளவும் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கையும், அவர்கள் பார்த்தே இராத பூர்வீக நாட்டின் பழைய வழக்கத்தோடு ஒத்துப்போவதை அவர்கள் கண்டார்கள். அளவு சிறிது; ஆனாலும் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் அதே நாட்டார் மிகுந்திருந்தால் கூடுகிறது என்பதையும் சேர்த்தால், அதை வீட்டுக்குள் மட்டும் அடைத்துவிட முடியாது.

ஒரே கரை, வெவ்வேறு துறைகள்

இங்கேதான் தமிழ்ப் புலம்பெயர்வு பயன்படுகிறது. சென்னை மாகாணத்தின் ஏறக்குறைய ஒரே மாவட்டங்களிலிருந்து, ஏறக்குறைய ஒரே வறுமையில், வெவ்வேறு நாடுகளுக்கு ஆட்கள் போனார்கள். வளர்ப்பும் வழிமரபும் முதன்மைக் காரணம் என்றால் விளைவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி இல்லை.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலை எடுத்துக்கொள்வோம். 1860 நவம்பர் 16ஆம் நாள் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பனில் வந்து சேர்ந்தது. 1911இல் ஆளனுப்புவது நிறுத்தப்படும்வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியே போன தமிழரும் தெலுங்கரும். இன்று அவர்களுடைய கொள்ளுப்பேரர் வீடுகளில் ஆங்கிலம்தான். மொழியியலாளர் ராஜேந்த் மேஸ்திரி இந்த மாற்றத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பள்ளி ஆங்கிலத்தில் நடந்தது. மூத்த பிள்ளை ஆங்கிலத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து தம்பி தங்கைகளோடு பேசியது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுவாரிப் பகுதிச் சட்டம் குடும்பங்களைப் பழைய குடியிருப்புகளிலிருந்து பெயர்த்துச் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் போன்ற நகரியங்களின் சிறு வீடுகளில் கொண்டுபோய் வைத்தபோது, பாட்டியும் பேத்தியும் ஒரே கூரையின்கீழ் இருந்த நிலையும் பல வீடுகளில் போயிற்று. மொழி போனது, மாரியம்மன் கோயிலும் தீமிதியும் காவடியும் போகவில்லை. கோவெண்டர் (கவுண்டர்), படையாச்சி, நாயக்கர் என்று, புறப்பட்ட ஊரின் சாதிப்பெயர் குடும்பப் பெயராக உறைந்து நிற்கிறது.

மலாயா வேறு. அங்கே ஒப்பந்த முறை 1910இல் முடிந்து, கங்காணி முறை 1938வரை ஓடியது. கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் அழைத்துப்போனார். கடல்வழி குறுகியது, போக்குவரத்து ஓயவில்லை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பிள்ளைகள் இருக்கும் தோட்டங்களில் பள்ளி வைக்க முதலாளியை நிர்ப்பந்தித்தது. ஒழுகும் கொட்டகையும் ஒற்றை ஆசிரியருமாகத் தொடங்கியவையே பல. இன்று மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் அரசு முறைக்குள் இருக்கின்றன. அங்கே தமிழ் நான்காம் தலைமுறையிலும் வீட்டிலும் கடையிலும் மேடையிலும் புழங்குகிறது.

இதைப் பார்த்துவிட்டு, மலாயாத் தாய்மார் மொழியைக் காத்தார்கள், நேட்டால் தாய்மார் கைவிட்டார்கள் என்று மேடையில் பேசுவோர் உண்டு. இரு நாட்டுத் தாய்மாரும் ஒரே மாவட்டத்துத் தாலாட்டைக் கொண்டுபோனவர்கள். வித்தியாசம் கங்காணியிலும் கப்பல் தூரத்திலும் பள்ளிச் சட்டத்திலும் கிடக்கிறது. இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு: தோட்டத்தில் தமிழ் நிலைத்ததற்கு, அங்கிருந்து வெளியேற ஏணி இல்லாமல் போனதும் ஒரு காரணம். மொழி தங்கியது என்பதை மட்டும் வைத்து அந்தக் குடும்பங்கள் நன்றாக இருந்தன என்று முடிவு கட்ட முடியாது.

இந்த ஏணியில்லாமையின் உச்சம் இலங்கை மலையகம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பத்தாண்டு கழித்து இன்னொரு ஒப்பந்தம் முடிவு செய்தது. இலங்கையிலேயே பிறந்து, தோட்டத்து லயக் குடியிருப்பிலேயே வளர்ந்து, இந்தியாவைக் கண்ணால் காணாதவர்கள் அங்கே இந்தியத் தமிழர். நீலகிரியில் வந்து இறங்கியதும் சிலோன்காரர். தலைமுறைக் கோட்பாடு எதுவும் இதை முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒரு குடும்பம் எத்தனை தலைமுறைக்குக் குடியேறிய குடும்பமாகவே எண்ணப்படும் என்பதை அங்கே அரசாணை தீர்மானித்தது. நாடற்றவராக எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

ஆகவே எல்லாம் அரசும் பள்ளியும்தான் என்று முடித்துவிடலாமா? இந்த நிலைப்பாட்டுக்கு நான் நெருக்கம். ஆனாலும் அதன் பலவீனங்கள் சிறியவையல்ல. ஒப்பிடப்படும் கூட்டங்கள் முற்றிலும் ஒன்றல்ல. கங்காணி வழி போனது உறவுக்கூட்டம், ஒப்பந்தத்தில் போனது பெரும்பாலும் தனியாட்கள். ஒரே தெருவில், ஒரே பள்ளியில் படித்த இரு குடும்பங்களில் ஒன்று மொழியைப் பேணி மற்றொன்று விட்டுவிடுவதை இது விளக்காது. சிங்கப்பூர் இன்னும் நேரடியான சவால். தமிழ் அங்கே ஆட்சிமொழி, பள்ளியில் தாய்மொழிப் பாடம், தொலைக்காட்சியில் அலைவரிசை. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் 2.5 விழுக்காடு, ஆங்கிலம் 48.3 விழுக்காடு. இந்தியர் அங்கே பத்துப் பேரில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. எல்லோரும் தமிழரல்லர் என்றாலும் சரிவு மறைக்க முடியாதது. வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் புழங்காத மொழியைப் பள்ளி மட்டும் காப்பாற்றாது என்று ஜோஷுவா ஃபிஷ்மன் 1991இல் எழுதியது இங்கே ஒலிக்கிறது.

சுரேஷ் கனகராஜா இந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க முயன்றார். லண்டன், டொராண்டோ, கலிபோர்னியாவின் லங்காஸ்டர் ஆகிய இடங்களில் ஈழத்தமிழ்க் குடும்பங்களை ஆராய்ந்து 2008இல் அவர் எழுதியது: பிள்ளைகள் தமிழ் பேசாததற்குச் சமூகத்தில் எல்லோரும் பெற்றோரைக் குற்றம் சொல்கிறார்கள், ஆனால் குடும்பம் தன்னந்தனியாக முடிவெடுக்கும் இடமல்ல. ஆங்கிலத்தின் மதிப்பு யாழ்ப்பாணத்திலேயே காலனியக் காலத்தில் வேரூன்றியது. சாதியும் பால்வேறுபாடும் அதில் கலந்திருந்தன. ஊரில் தமிழோடு வந்த அடக்குமுறைகளை உதற நினைத்தவர்களுக்கு ஆங்கிலம் ஒரு விடுதலையாகவும் இருந்தது. மொழி இல்லாமலே தமிழராக இருக்கலாம் என்று அவரிடம் சொன்னவர்களும் உண்டு. இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் டர்பனின் தீமிதியை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

எண்ணுவதில் உள்ள சிக்கல்

தலைமுறை ஆய்வுகளின் பாதி தகராறு கணக்கெடுப்பிலேயே தொடங்குகிறது. 1965இல் லாஸ் ஏஞ்சலஸ், சான் அந்தோனியோ நகரங்களில் மெக்சிகோ வழிவந்தவர்களிடம் நடத்திய ஆய்வின் கேள்வித்தாள்கள், கால் நூற்றாண்டு கழித்துப் பல்கலைக்கழக நூலகக் கட்டடத்தைச் செப்பனிடும்போது பெட்டிகளில் கிடைத்தன. எட்வர்ட் டெயசும் வில்மா ஓர்டிசும் அதே மனிதர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் தேடிப்பிடித்தார்கள். 2008இல் வெளியான முடிவு: மொழி தலைமுறைக்குத் தலைமுறை ஆங்கிலமாகிறது, கல்வி மூன்றாம், நான்காம் தலைமுறையில் தேங்கி நிற்கிறது. பாகுபாடான பள்ளிகளைக் காரணம் காட்டினார்கள். டங்கனும் டிரேஹோவும் வேறொரு கோணத்தைச் சுட்டினார்கள். கலப்பு மணத்தால் பிறந்த, நன்றாகப் படித்த பேரப்பிள்ளைகள் பலர் கணக்கெடுப்பில் தம்மை மெக்சிகோ வழியினர் என்று சொல்வதில்லை. தேறியவர்கள் பட்டியலிலிருந்து நழுவிவிட்டால் எஞ்சியவர்கள் தேங்கியதாகத்தான் தெரியும். டெயசும் ஓர்டிசும் தனியாட்களைப் பின்தொடர்ந்ததால் இக்குறை அவர்களிடம் குறைவு. வாதம் இன்னும் தீரவில்லை.

நூறாண்டுக் கணக்கெடுப்புப் பதிவுகளில் தந்தையையும் மகனையும் பெயரால் இணைத்த அப்ரமிட்ஸ்கி, பூஸ்டன் இருவரின் 2022ஆம் ஆண்டு நூல் விவாதத்தைச் சற்றே நகர்த்தியது. அன்றும் இன்றும், ஏறக்குறைய எல்லா நாட்டிலிருந்தும் வந்த ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகள், அதே வருமானமுள்ள உள்ளூர்க் குடும்பங்களின் பிள்ளைகளைவிட மேலே ஏறினார்கள். குடியேறிகள் வாய்ப்புள்ள ஊரைத் தேடிப் போய்க் குடியிருந்தது இதற்கு ஒரு பெரிய காரணம் என்கிறார்கள். எந்தப் பண்பாடு உயர்ந்தது என்ற போட்டிக்கு இதில் இடம் குறைவு.

முடிவாகாதவை

மூன்று தலைமுறையில் மொழி போய்விடும் என்ற கணக்கு, கடிதம் மாதக்கணக்கில் பயணம் செய்த காலத்தின் கணக்கு. கைப்பேசியில் அம்மம்மாவைத் தினமும் பார்க்கும் பிள்ளைக்கும் அது பொருந்துமா என்பதற்கு உறுதியான சான்று இன்னும் சேரவில்லை. கலிபோர்னியத் தரவுகளில், தொடர்ந்து ஆட்கள் வந்துகொண்டிருக்கும் ஸ்பானிய மொழிகூடப் பேரப்பிள்ளைகளிடம் பெரும்பாலும் தேய்ந்துபோவது தெரிகிறது. நம்பிக்கையாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தாய்மொழி பேசாத, ஆனால் கோயிலையும் குடும்பப் பெயரையும் விடாத டர்பன் வகை மரபு எத்தனை தலைமுறை தாங்கும் என்பதும் தெரியாது. நூற்றறுபது ஆண்டு தாங்கியிருக்கிறது; அதில் பெரும்பகுதி, இனவாரியாகப் பிரித்து வைத்த சட்டங்களின்கீழ் கழிந்தது. இனஒதுக்கல் ஆட்சி முடிந்த 1994க்குப் பின் பிறந்த பிள்ளைகளின் நடைமுறையிலிருந்துதான் அந்தச் சட்டங்களின் பங்கு எவ்வளவு என்பது விளங்கும்.

வடிகட்டல், பள்ளி, சட்டம், அக்கம்பக்கம் ஆகியவற்றைக் கழித்தபின் வீட்டு வளர்ப்புக்கென்று மிஞ்சும் பங்கு பூச்சியமில்லை என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள். எவ்வளவு என்பதில் ஒத்துப்போகவில்லை. 1983க்குப் பின் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போன ஈழத்தமிழ்க் குடும்பங்கள் இதற்கு நல்ல களம்: ஒரே தீவு, ஒரே போர், வெவ்வேறு குடியேற்றச் சட்டங்களும் பள்ளி முறைகளும் கொண்ட பல நாடுகள். அங்கே மூன்றாம் தலைமுறை இப்போதுதான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறது. அவர்களைப் பெயர், ஊர், வீட்டுமொழி எல்லாவற்றோடும் இருபது முப்பது ஆண்டு பின்தொடரும் ஆய்வை இப்போது தொடங்கினால்தான், தேறியவர்கள் பட்டியலிலிருந்து நழுவிப் போவதற்குமுன் கணக்கில் வருவார்கள்.